தர்மபுரித் தண்ணீரில் இயற்கைச் சாயம்: சொந்த உடை பிராண்ட் தொடங்குபவர்களுக்கு

போன வருஷம் காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயமேற்றி 20 குர்தா தைத்து விற்றேன். கைத்தறிப் பருத்தி, இயற்கைச் சாயம். அன்றிலிருந்து ஃபேஷன் டிசைன் முடித்த தம்பி தங்கைகள் "எங்கே தொடங்குவது அக்கா?" என்று கேட்கிறார்கள். நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரைவதும் வெட்டுவதும் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

துணி

ஒரே ரகத் துணியில் தொடங்குங்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு நெசவாளரிடம் ப்ளீச் செய்யாத துணி 50 மீட்டர் எடுத்தேன். குர்தாவுக்கு இரண்டரை மீட்டர் கணக்கு. கிலோ கணக்கில் பார்த்தால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய மூன்று குர்தா வரும்.

அடுத்தது கஞ்சி நீக்குவது. கிலோவுக்கு 20 கிராம் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு அலசுங்கள். துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். முத்து மாதிரி நின்றால் மறுபடி கொதிக்க வையுங்கள்.

தண்ணீர்

நான் இரண்டு மாதம் தவித்தது இங்கேதான். மாதுளை ஓட்டில் பளிச்சென்ற மஞ்சள் வரும் என்று படித்திருந்தேன். எனக்கு வந்தது பாசி படிந்த மாதிரி ஒரு சாம்பல் பச்சை, அதுவும் திட்டுத் திட்டாக. வேறு மாதுளை ஓடு போட்டேன், நிறம் பிடிக்கப் போடும் படிகாரத்தைக் கூட்டினேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால் எங்கள் போர் தண்ணீர்தான் காரணம்.

வாழைக்காயை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கை கறுக்கிறதே, அதே சங்கதி. மாதுளை ஓடு, கடுக்காய் இரண்டிலும் துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும். தண்ணீரிலோ பழைய குழாயிலோ இருக்கிற கொஞ்சம் இரும்பே நிறத்தை மங்க வைக்கப் போதும். திட்டுக்குக் காரணம் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோய்த் துணியில் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் சாயம் ஏறாது.

அதனால் துணி வாங்கும் முன்பே இதைச் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் உங்கள் தண்ணீர், இன்னொன்றில் மழைநீர். இரண்டிலும் அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடி போட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் உங்கள் டம்ளர் மட்டும் நீலக் கறுப்பாக இருந்தால் அந்தத் தண்ணீரில் சாயமேற்ற வேண்டாம்.

நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் சாயம் நன்றாக வரும், ஆனால் குடிக்கிற தண்ணீரைச் சாயத்துக்கு எடுக்க எனக்கு மனமில்லை. மாடியில் மழைநீர்த் தொட்டி வைத்தேன். ஐப்பசி மழையில் நிரம்பியதே 20 குர்தாவுக்கும் போதுமானதாக இருந்தது. சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேருக்கு மட்டும் உப்புத் தண்ணீர் பரவாயில்லை. சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

சாயம்

கிலோ துணிக்கு 200 கிராம் கடுக்காய்ப் பொடி, இரவு முழுக்க ஊற வேண்டும். அலசாமல் பிழிந்து காய வைத்து, அப்புறம் 150 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊற விடுங்கள். அதன் பிறகுதான் சாயம். பாத்திரம் எவர்சில்வர்தான், இரும்பு அண்டா கூடவே கூடாது. அளவுக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு வாங்குங்கள், கைக்கணக்கு வைத்தால் அதே நிறம் மறுபடி வராது.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் நிறம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அது மீனைக் கொல்லும் விஷம். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால்தான் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு மாற்றாக ஒன்றைச் செய்கிறோம் என்றால் முதலில் நம் கழிவுநீர் சுத்தமாக இருக்க வேண்டும். படிகாரத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பாதி அளவு படிகாரம் சேர்த்து அடுத்த துணிக்கும் பயன்படுத்தலாம்.

மஞ்சள் தூளில் சாயமேற்றி விற்காதீர்கள். வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும்.

தையல், பதிவு, டேக்

ஓவர்லாக் மெஷின் வாங்க அவசரப்பட வேண்டாம். ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டால் உடை பல வருஷம் உழைக்கும்.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், யாருக்கும் காசு தராதீர்கள். பிராண்ட் பெயருக்கு டிரேட்மார்க் 25ஆம் வகுப்பில் (உடைகளுக்கானது) வரும், தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் முன் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

டேக்கில் 'ஆர்கானிக்' என்று சான்றிதழ் இல்லாமல் போடாதீர்கள். ஆதாரமில்லாத பசுமை விளம்பரத்துக்கு எதிராக 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலே வந்திருக்கிறது. என் டேக்கில் இருப்பது இவ்வளவுதான்: கைத்தறிப் பருத்தி, கடுக்காய், படிகாரம், மாதுளை ஓடு.

நம் மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்களின் 'போர்கை' அமைப்பு செய்யும் எம்பிராய்டரியை ஒருமுறை நேரில் பாருங்கள். அந்தக் கோலங்களைப் படமெடுத்து வந்து மெஷினில் போடாதீர்கள். வேண்டுமென்றால் அவர்களிடமே கூலி கொடுத்துச் செய்து வாங்குங்கள்.

பிறகு சேர்த்தது

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். இரும்புத் தண்ணீரை வேண்டுமென்றே சேர்த்து அழகான கறுப்பு எடுத்தாராம். வாங்கியவர் சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு தெறித்து, தெறித்த இடமெல்லாம் வெளுத்துவிட்டதாம். புளிப்பு பட்டால் அந்தக் கறுப்பு கரையும், சாயத்தின் குணம் அது. உடனே நிறைய தண்ணீரில் அலசினால் பாதிப்பு குறையும். கறுப்பு விற்பதாக இருந்தால் இதையும் டேக்கில் எழுதிவிடுங்கள், கூடவே பூந்திக்கொட்டையில் துவைத்து நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள்.