கூரையை எண்ணினால் ஆள் கணக்கு வராது

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லை வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அளவுக்கு நீண்ட வீடுகள், நடுவில் வளவு என்னும் முற்றம், சுற்றிலும் ஓட்டுக்கூரை. கட்டடம் இத்தனை நெருக்கமாக இருந்தால் மக்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று தோன்றும். அதே தெருவில் சாயங்காலம் நடந்து பார்த்தால், விளக்கு எரிகிற முகப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் தவறியதும் இங்கேதான். பள்ளத்தூர்ப் பக்கம் மருத்துவ முகாமுக்கு இடம் கேட்ட நண்பர்களுக்கு, பெரிய கூரைகள் நெருங்கி நின்ற தெருவைக் காட்டினேன். வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரின் மறுகோடியில் சின்ன வீடுகளில் இருக்கும் வயதானவர்கள். அவர்களை வெயிலில் அவ்வளவு தூரம் நடக்கவிட்டது இன்றும் உறுத்துகிறது.

மக்கள்தொகையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வேர்ல்ட்பாப் (WorldPop) போன்ற இலவசத் தரவுகளை எடுப்பவர்களும் இதே குழியில் விழலாம். 100 மீட்டர் கட்டத்துக்கு இத்தனை பேர் என்று அதில் இருக்கும். ஆனால் யாரும் அந்தக் கட்டத்துக்குள் போய் எண்ணவில்லை. கணக்கெடுப்பில் கிடைத்த மொத்தத்தை, கட்டடம், சாலை, இரவு வெளிச்சம் ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்துப் போடுகிறார்கள். கட்டடத்துக்கும் ஆளுக்கும் தொடர்பு அறுந்துபோன செட்டிநாட்டில், பூட்டிய வீட்டுக்கு ஆள் சேர்ந்துவிடும், நெரிசலான வீட்டில் ஆள் குறைந்துவிடும். ஊர் அளவில் பார்க்க இது போதும். தெரு அளவில் நம்பாதீர்கள். கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் அட்டவணைகளில் ஆள் இருக்கும் வீடுகளும் காலி வீடுகளும் தனித்தனியே இருக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

ஊருக்கு உரியவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி, ஊரில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரின் கோயில் கணக்கில் புள்ளி என்றால் திருமணமான ஒரு குடும்பம். அவர்கள் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் புள்ளி ஊரில்தான். அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, அந்தச் சமயத்தில் அவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்றுதான் பார்க்கும். வாக்காளர் பட்டியல் இன்னொரு வகை, அதில் 18 வயது நிரம்பாதவர்களே இல்லை. தண்ணீர்த் தொட்டி கட்ட ஒரு கணக்கு வேண்டும், கும்பாபிஷேகத்துக்கு வேறு கணக்கு வேண்டும். எதற்காக எண்ணுகிறோம் என்று தீர்மானிக்காமல் தரவைத் தேடப் போகக் கூடாது.

அப்புறம் எல்லை. 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை 1,06,714. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த நகரத் திரளுக்கு (urban agglomeration) 1,81,851. இரண்டும் சரியான எண்களே, எல்லைதான் வேறு. 2024-ல் கோட்டையூர், கண்டனூர் போன்ற ஊர்களைச் சேர்த்துக் காரைக்குடி மாநகராட்சியானது. இனி வரப்போகும் மாநகராட்சி எண்ணைப் பழைய நகராட்சி எண்ணோடு வைத்து, நகரம் இவ்வளவு வளர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. இன்னும் பின்னால் போகிறவர்கள், சிவகங்கை மாவட்டம் 1985-ல்தான் பிரிந்தது என்பதை நினைவில் வைத்து, அதற்கு முந்தைய எண்களை இராமநாதபுரத்தின் ஏடுகளில் தேட வேண்டும்.

செட்டிநாடு என்ற பெயரும் ஏமாற்றும். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு. ஆனால் நாம் சொல்லும் செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதற்கென்று அரசு எல்லை கிடையாது. ஆகவே, ஊர்ப் பட்டியலை நீங்களே போட்டு, எந்தெந்த ஊர் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

சரி, தெரு அளவில் எப்படித்தான் தெரிந்துகொள்வது? வரைபடத்தை அச்செடுத்து, அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவரிடம் காட்டுங்கள். எந்த வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருக்கிறார், எது கல்யாணத்துக்கு மட்டும் திறக்கும், எந்தப் பின்கட்டில் மூன்று குடும்பம் வாடகைக்கு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அதை அப்படியே பொது வரைபடத்தில் ஏற்றிவிடாதீர்கள். இங்கே நான் பார்த்த தவறுகளில் பெரியது இதுதான். பூட்டிய வீடுகளுக்குள் தேக்குத் தூணும் செதுக்கிய நிலைக்கதவும் பழைய பாத்திரங்களும் இருக்கின்றன. எந்த வாசலில் ஆளில்லை என்று குறித்துக் கொடுத்தால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும். தனியாக இருக்கும் பாட்டிக்கும் அதே ஆபத்துதான். கதவு எண்ணை எடுத்துவிட்டு, இந்தப் பகுதியில் மொத்தம் இத்தனை வீடு, அதில் ஆள் இருப்பது இத்தனை என்று கூட்டி மட்டும் வெளியிடுங்கள். கையில் எழுதிய தாள் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.