சித்திரைக்கு நுங்கு வண்டி, ஆடிக்கு மட்டைக் கப்பல்: பிள்ளைகளோடு சேர்ந்து செய்வது எப்படி

விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வருகிறீர்களா? சாயல்குடியோ உச்சிப்புளியோ தொண்டியோ, எந்த ஊராக இருந்தாலும் சரி, முதலில் இது எந்த மாதம், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். நம் அப்பத்தா காலத்துப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைக் கடையில் தேடவில்லை. அந்தந்த மாதம் பனையும் கடலும் எதைக் கொடுத்ததோ அதை வைத்து விளையாடினார்கள். நுங்கு முடிந்தால் நுங்கு வண்டியும் முடிந்தது, இனி அடுத்த சித்திரைக்குத்தான். அந்தக் காத்திருப்பில் பாதிச் சந்தோஷம் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து காட்டிவிட வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் வந்தால் நுங்கு வண்டி. நுங்கு வெட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சுளையை எடுத்துத் தர வேண்டாம், காயின் தலையை மட்டும் சீவிக் கொடுங்கள் என்று. சுளையை முழுசாக எடுத்தால் காய் துண்டு துண்டாகிவிடும், சக்கரம் கிடைக்காது. தலை சீவிய காயில் கட்டைவிரலை விட்டு நோண்டி உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, ஒரே அளவில் இரண்டு வெறுங்காயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் பனங்காய்ச் சாறு பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டு விடுங்கள்.

அச்சுக்கு விரல் தடிமனில் ஒரு சாண் நீளக் குச்சி போதும். இரண்டு முனையையும் கூராகச் சீவி, மூன்று கண்ணுக்கும் நடுவில் இருக்கும் சதையில் குத்தி இறக்க வேண்டும். நடு தப்பினால் வண்டி நொண்டும். காய் அச்சில் இறுக்கமாக இருக்கட்டும், அச்சோடு சேர்ந்துதான் சக்கரம் சுற்ற வேண்டும். தள்ளுவதற்குப் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் ஒரு கவட்டைக் குச்சி, வேம்போ பூவரசோ. கவட்டைக்குள் அச்சு தாராளமாக உருள வேண்டும் என்பதால் அந்த இடத்தில் பட்டையை உரித்து வழவழப்பாக்கி, சொட்டு எண்ணெய் தடவுங்கள். சுடுமணலில் வண்டி புதையும், கண்மாய்க் கரையிலோ அலை நனைத்த மணலிலோ ஓட்டினால் பறக்கும். சில நாளில் காய் சுருங்கி அச்சு தளர்ந்தால் ஓலைத் துண்டை மடித்து இடையில் சொருகிவிடலாம். கத்தி வேலையைத் தவிர மற்றதைப் பிள்ளையே செய்யட்டும். எந்தக் கவட்டை நன்றாக இருக்கிறது என்று மரம் மரமாகப் பார்த்து அலைவதும் விளையாட்டுதான், அதைப் பறித்துக்கொண்டு நாமே செய்து கையில் கொடுக்கும் வண்டிக்கு அந்த மவுசு வராது.

ஓலைக் காற்றாடிக்கு ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் ஓலை நறுக்கு ஒன்று போதும், ஈர்க்கை நீக்கிவிடுங்கள். பச்சை ஓலை தொய்யும், நன்றாகக் காய்ந்தது கீறும், ஆகவே வாடிய ஓலைதான் சரி. வலது பாதியை ஒரு பக்கமும் இடது பாதியை மறுபக்கமும் லேசாக முறுக்கி, நட்டநடுவில் உடைமுள்ளைக் குத்தி எடுங்கள். குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரம் இந்தக் கரையில் எங்கும் உண்டு, நீளமான வெள்ளை முள். முள்ளின் தடித்த அடிப்பக்கம் ஓலை கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும், கூர்முனையைச் சோளத்தட்டை போல உள்ளே மெத்தென்று பஞ்சாக இருக்கும் குச்சியில் ஏற்றிவிட்டால் முடிந்தது. துளை கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் சுற்றும். மற்ற ஊரில் இதைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பாம்பனில் 1914-இல் திறந்த பழைய கடல் பாலத்தில், பலத்த காற்றடித்தால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். அங்கே ஆனி, ஆடியில் சும்மா நின்றாலே சுற்றும்.

அந்த ஆடி மாதத்துக்கு உரியது மட்டைக் கப்பல். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். காய்ந்த தென்னை மட்டையின் அடிப்பக்கத்தில் ஒரு முழம் வெட்டி, முன்பக்கத்தைக் கூராகச் சீவுங்கள். நடுவிலிருந்து கொஞ்சம் முன்தள்ளி ஒரு துளை போட்டு மூங்கில் சிம்பைப் பாய்மரமாக நட்டு, பழைய வேட்டித் துணியைப் பாயாகக் கட்ட வேண்டும். இப்படியே விட்டால் முதல் காற்றிலேயே கவிழும், ஆகவே அடியில் நடுவாக ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நேராகப் போக, பின்பக்கம் ஒரு மட்டைத் துண்டைச் செங்குத்தாகச் சொருகினால் போதும்.

எந்தக் கடலில் விடுவது? இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்பார்கள். மண்டபத்தில் இரண்டும் நடக்கிற தூரம்தான். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது ஆண்கடல் கரையில் அலை புரட்டும், பெண்கடல் கரையோரம் அடங்கிக் கிடக்கும். கப்பல் விட அதுதான் இடம், ஆனால் காற்று கரையிலிருந்து கடலுக்குள் போகிறது, விட்ட கப்பல் தானாகத் திரும்பாது. அதனால் முனையில் தங்கூசி நரம்பை, அதாவது மீன்பிடிக்கும் நைலான் நரம்பைக் கட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அறுந்து போனால் போகட்டும், பின்னாலேயே தண்ணீருக்குள் ஓடக் கூடாது என்பதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். விளையாடி முடித்ததும் நரம்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், கடலில் கிடந்தால் ஆமைக்கும் மீனுக்கும் வினை. ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ், அப்போது தெற்குக் கரைக்குப் போக வேண்டும்.

வெயில் ஏறிய மத்தியானத்துக்குத் தாயம். சோழி தேடி அலைய வேண்டாம். உயிருள்ள சங்கு, சிப்பியைப் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, சில வகைச் சங்குகளை எடுப்பது சட்டப்படி குற்றம். நான்கு புளியங்கொட்டை போதும், ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் தாயக்கட்டைக்குப் பதிலாகிவிடும். தேய்த்தால் கொட்டை சுடும், அதைப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்துவிட்டு ஓடுவது தனி விளையாட்டு. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், 1939-இல் உலகப்போர் தொடங்கிப் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வந்தபோது, அதைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து நாளுக்கு ஓரணா வாங்கியதைச் சொல்லியிருக்கிறார். கொட்டை தேய்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆவணியில் பனம்பழம் விழும். சுட்டு, நார் நாராகச் சப்பிச் சாப்பிட்ட கொட்டைகளை எறியாமல், மணற்பாங்கான இடத்தில் பாத்தி கட்டி நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிடுங்கள். இடையில் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தால், மழை பெய்யாவிட்டால் மட்டும் தண்ணீர் தெளிக்கச் சொல்லி யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பொங்கலுக்கு வந்து தோண்டினால் கிழங்கு தயார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நடுவில் இருக்கும் குருத்தை நீக்கிவிட்டு, நாரை உரித்து உரித்துத் தின்ன வேண்டும். கிழங்கு எடுத்த கொட்டையையும் தூக்கி எறியாதீர்கள், இரண்டாகப் பிளந்தால் உள்ளே தவுண் என்னும் இனிப்பான வெள்ளைச் சதை இருக்கும். பிளப்பது மட்டும் பழகிய பெரியவர் கையால் நடக்கட்டும், கொட்டை அரிவாளுக்குக் கீழே வழுக்கும்.