கேரவனில் ஊட்டிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்க, சமைக்க வசதி உள்ள கேரவன் வண்டியில் ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, வண்டியோடு ஊருக்குள் நுழைவது. குதிரையும் மாட்டுவண்டியும் போன காலத்தில் உருவான ஊர் அது. சேரிங்கிராஸிலும் கமர்ஷியல் ரோட்டிலும் சீசன் நேரத்தில் ஒரு காரே திரும்பத் திணறும். ஊருக்கு வெளியே, வண்டி நிறுத்த இடம் விட்டிருக்கும் விடுதியாகப் பார்த்து முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஆட்டோ, டவுன் பஸ் அல்லது நடை போதும்.

என்னைக் கேட்டால், வண்டியை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டு மலை ரயிலில் ஏறுவது இன்னும் நல்லது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை அது. மொத்தம் 46 கிலோமீட்டர், ஏற ஐந்து மணி நேரம் போல ஆகும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். காலை நேர ரயில் அது. கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

வண்டியில்தான் ஏறுவேன் என்றால், அதிகம் பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். 2,240 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளிக்கு இறங்கும்போது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மும் டிஸ்க்கும் சூடேறும். சூடு மிஞ்சினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என்று சுமக்கும் கேரவனுக்கு இந்த ஆபத்து காரைவிட அதிகம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும், பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. பிரேக் கருகும் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ஆறும்வரை காத்திருங்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு முதலில் வழி விடுங்கள்.

மசினகுடியிலிருந்து வரும் கல்லட்டிப் பாதை மேப்பில் குறுக்குவழியாகத் தெரியும். 36 கொண்டை ஊசி வளைவுகளும் கடும் செங்குத்தும் கொண்ட அந்தப் பாதை கேரவனுக்கு வேண்டவே வேண்டாம். மைசூர்ப் பக்கமிருந்து வந்தால் கூடலூர் வழியே ஏறுங்கள். அங்கேயும் நேரம் பார்க்க வேண்டும். பந்திப்பூர், முதுமலை காட்டுச்சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை வண்டிகளை விடமாட்டார்கள். பகலிலும் காட்டுக்குள் நிறுத்தி அடுப்பு மூட்டாதீர்கள். யானை நடமாடும் இடம்.

இணையத்தில் பதிவுசெய்து வாங்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுக்காமல் சோதனைச்சாவடிக்கு வந்து நிற்பதும் தவறு. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025-இல் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்தது. குடிநீரைச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களில் அடுக்கிக்கொண்டு வராதீர்கள், நீலகிரியில் அவற்றுக்குத் தடை. எவர்சில்வர் குடத்தில் பிடித்து வாருங்கள். கழிவுநீரை ஓடையில் திறந்துவிடுவதை என்னால் மன்னிக்கவே முடியாது. கீழே உள்ள ஊர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ மூடிய வண்டிக்குள் எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும், குக்கர் அவசியம்.

ஏரி, பூங்கா, சாக்லேட் கடை என்று ஒரே நாளில் சுற்றித் திரும்புவதும் பெரிய இழப்பு. ஆங்கிலேயர் காலக் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் வாழ்ந்த நிலம் அது. 1831-இல் திறந்த புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரம். அதன் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். தாவரவியல் பூங்காவுக்கு மேலே தோடர் மந்து, அதாவது அவர்களுடைய சிற்றூர், ஒன்று இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் படமெடுக்காதீர்கள், அவர்கள் கோயிலை நெருங்காதீர்கள்.