காகித மீனோடு ஜப்பானிய மொழி

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழியை அறிமுகப்படுத்த விரும்பும் சென்னைப் பெற்றோர், எழுத்துப் பயிற்சிக்கு முன்பாக ‘கொய்நொபோரி’ என்னும் கெண்டை மீன் கொடியைச் செய்யவைக்கலாம். பட்டத்தாளைக் குழாயாக ஒட்டி, வாய்ப்பக்கத்தில் அட்டை வளையம் பொருத்தியபின் செதில்களை வரையும்போது, கறுப்பை எடுக்குமுன் ‘குரோ’ என்றும் சிவப்பை எடுக்குமுன் ‘அகா’ என்றும் வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். கைவேலையோடு சேர்ந்த சொல், வெறுமனே மனப்பாடம் செய்த சொல்லைவிட நன்றாகப் பதியும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜப்பானில் 1948-இல் தேசிய விடுமுறையாக அறிவிக்கப்பட்ட மே 5 குழந்தைகள் தினத்தையொட்டி, நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் கெண்டையைப் போலப் பிள்ளைகள் வலிமையோடு வளர வேண்டும் என்று வாழ்த்தியே இக்கொடியைப் பறக்கவிடுகிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வால்பக்கத்தை ஒட்டாமல் திறந்தே விட்டு, மாலையில் கடற்காற்று வீசும் நேரம் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் கட்டினால், மீன் உப்பி நீந்தும்.