பழைய போட்டோவில் நிற்கும் கேடிலாக் எந்த வருஷத்து வண்டி? கண்டுபிடிக்கும் வழி

காவேரிப்பட்டணத்தில் மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ மாட்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி பக்கத்துக் கே.ஆர்.பி. அணை பின்னால் தெரிய, கப்பல் மாதிரி ஒரு அமெரிக்கக் கார் பக்கவாட்டில் நிற்கிறது, அதன் பானட்டில் கை வைத்துத் தாத்தா. கார் அவருடையது இல்லை, அணை பார்க்க வந்த யாரோ பெரிய மனிதருடையது. மாமா வருகிறவர்களிடம் எல்லாம் "கேடிலாக், 59 மாடல், ஹார்டுடாப்" என்பார். ஏன் 59 என்று கேட்டால், பின்னால் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி வால் நிமிர்ந்து நிற்கிறதே என்பார். நிறைய பேர் இப்படித்தான், வாலைப் பார்த்தாலே 59. உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒன்று கிடந்தால் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள், வாலைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் ஹார்டுடாப்தானா என்று பாருங்கள். கூரை நிலையான இரும்புக் கூரைதான், ஆனால் பக்கவாட்டில் முன் ஜன்னல் கண்ணாடிக்கும் பின் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவில் தூண் கிடையாது. அம்பாசடரில் முன் கதவு சாத்தினால் போய் முட்டுமே ஒரு தூண், அது இதில் கதவு மட்டத்தோடு நின்றுவிடும். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பக்கம் முழுக்கத் திறந்த வெளி, திண்ணையில் உட்கார்ந்த மாதிரி காற்று வரும். கண்ணாடி ஏற்றிய போட்டோ என்றால் கொஞ்சம் குழப்பும். இரண்டு கண்ணாடியும் சேரும் இடத்தில் மெல்லிய பளபளப்பான பட்டை மட்டும் இருந்தால் ஹார்டுடாப். பெயின்ட் அடித்த அகலமான தூண் கூரை வரை போனால் சாதாரண செடான், அதற்கு மேல் பெருமைப்பட வேண்டாம்.

இந்த வடிவம் வந்த கதை சுவாரசியமானது. பியூக் கம்பெனி அதிகாரி ஒருவரின் மனைவி எப்போதும் திறந்த கார்தான் வாங்குவாராம், ஆனால் முடி கலையும் என்று டாப்பை ஒரு நாளும் இறக்க மாட்டாராம், சரி, இறங்காத டாப்பாகவே வைத்துவிடலாமே என்று யோசனை வந்ததாம். எவ்வளவு உண்மையோ, கார்க்காரர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிரைஸ்லர் 1946இல் இதுபோல ஏழே ஏழு வண்டி செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. 1949இல்தான் பியூக், கேடிலாக் எல்லாவற்றுக்கும் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே நேரத்தில் மூன்று இறக்கியது: பியூக் ரிவியரா, ஓல்ட்ஸ்மொபைல் ஹாலிடே, கேடிலாக் கூப் டி வில். முதல் வருஷம் கூப் டி வில் செய்தது 2,150 மட்டும். அதே வருஷம்தான் 331 கன அங்குல, 160 குதிரைத்திறன் கொண்ட புது வி8 (எட்டு சிலிண்டர்) கேடிலாக் இன்ஜினும் வந்தது, அதனால் பழைய கார் பிரியர்களுக்கு 1949 என்றால் தனி மரியாதை.

அப்புறம் முன் கண்ணாடி. என் கணக்கில் வருஷம் பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் பம்பரையும் முகப்பு கிரில்லையும் பட்டறையில் மாற்றிவிடலாம், இதை மாற்றுவது சுலபமில்லை. நடுவில் கோடு விழுந்து இரண்டு துண்டாக இருந்தால் 1949 அல்லது அதற்கு முந்தையது. 1950இல் ஒரே துண்டானது. 1954இல் கண்ணாடி பக்கவாட்டிலும் வளைந்து, ஓரத் தூண் நாய்க்கால் மாதிரி மடங்கிவிட்டது. ஏறும்போது முழங்காலில் இடிக்கும், ஆனாலும் அழகுதான். கேடிலாக்கின் எல்டொராடோ மாடல் மட்டும் இதை 1953லேயே போட்டுவிட்டது.

ஹெட்லைட் எண்ணுவது சுலபம்: பக்கத்துக்கு ஒன்று என்றால் பெரும்பாலும் 1957 வரை, இரண்டிரண்டு என்றால் 1958 முதல். நாலு கதவு இருந்தும் தூண் இல்லையா, அது 1956க்கு முந்தையதாக இருக்காது, கேடிலாக்கின் நாலு கதவு ஹார்டுடாப்பான செடான் டி வில் வந்தது அந்த வருஷம்தான். பம்பரில் தோட்டா மாதிரி துருத்தும் இரண்டு முட்டுகளை வைத்து நான் வருஷம் சொல்ல மாட்டேன். போட்டோ நல்ல தெளிவாக இருந்தால் கூரையின் பின் தூணையும் பாருங்கள், 1951இல் அங்கே கூப் டி வில் என்று சாய்வெழுத்தில் பெயரே போட்டிருந்தார்கள்.

இப்போது வால். அது 1948லேயே வந்துவிட்டது, பி-38 என்ற இரட்டை வால் போர் விமானத்தைப் பார்த்து. முதலில் சின்ன மேடுதான், வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து 1959இல் உச்சம், அதில் ஒவ்வொரு வாலிலும் தோட்டா வடிவில் இரண்டு சிவப்பு விளக்கு. அந்த வண்டியின் நீளம் 225 அங்குலம், பதினெட்டே முக்கால் அடி. நம் ஊர்ச் சந்தில் திருப்பவே முடியாது. 1960இல் வால் தணிந்தது, 1965 மாடலில் இல்லவே இல்லை. தூண் இல்லாத கூப் டி வில் மட்டும் 1973 மாடல் வரை வந்துகொண்டிருந்தது. இடது பக்க வால் விளக்குக்குக் கீழே பெட்ரோல் ஊற்றும் மூடி ஒளிந்திருக்கும், 1958 வரை. விளக்கைத் தூக்கினால்தான் தெரியும், பழக்கமில்லாத பங்க் பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பான்.

போட்டோ எடுத்த காலத்தையும் கார் பிறந்த காலத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். பின்புறம் "சேலம் ஜில்லா" என்று எழுதியிருந்தால் அநேகமாக 1965க்கு முன் எடுத்தது, இந்தப் பக்கமெல்லாம் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது அந்த வருஷம்தான். மாமாவின் வாதமும் அங்கேதான் சறுக்கியது: அணையைக் காமராஜர் திறந்தது 1957இல், அதனால் கார் 59 என்றார். அணை சொல்வது போட்டோவின் வயதை மட்டும், பழைய காரிலும் அணை பார்க்க வரலாம் இல்லையா.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முன் கண்ணாடி ஒரே துண்டு, ஓரம் மடங்கவில்லை, வால் சின்னது. ஆக 1950க்கும் 53க்கும் இடையில். கதவுகளுக்கு நடுவில் தூண் தெளிவாகத் தெரிகிறது, ஹார்டுடாப்பே இல்லை. மாமாவிடம் சொன்னேன், காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.