நம்பாதவர்கள் முன்னால் காலநிலை பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் மேடையில் காலநிலை மாற்றம் பற்றிப் பேசியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "வெப்பநிலைக் கணக்கை விஞ்ஞானிகளே திருத்திக்கொள்கிறார்களாமே?" என்றார். இளைஞர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் வாட்ஸ்அப் கதை சார். டேட்டாவில் யாரும் கை வைப்பதில்லை" என்றார். எனக்குப் பகீரென்றது. 12 வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டவன் நான்.

படத்தில் எழுத்து பொடியாக இருப்பது, நேரம் மீறிப் பேசுவது போன்றவற்றை நான்கு கூட்டம் பேசினால் தானாகத் திருத்திக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது, ஒருமுறை செய்தாலே பேச்சு எடுபடாமல் போகும் தவறுகளை.

டேட்டாவில் கை வைக்கவில்லை என்று சொல்வது

கை வைத்திருக்கிறார்கள். ஏன், எப்படி என்று கட்டுரைகளாக எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

நான் அன்று அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்றில் அமெரிக்க வானிலை நிலையங்களின் மூலப் பதிவு, இன்னொன்றில் திருத்திய பதிவு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். திருத்திய கோடு இன்னும் செங்குத்தாக ஏறியது. "தம்பி, இது யார் கை?" என்றார். அரங்கமே சிரித்தது. அதற்கப்புறம், காற்றில் கூடிய கார்பன் எரிபொருளிலிருந்து வந்தது என்று காட்டும் கார்பன் ஐசோடோப்பைப் பற்றி நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. பொய் சொன்னவன் சொல்லும் உண்மையை யார் கேட்பார்கள்?

எனக்குத் தெரியாமல் போன சங்கதி இதுதான். அமெரிக்க நிலையங்களில் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் குறித்தார்கள். முன்பு பலர் மாலையில் குறித்துவிட்டு வெப்பமானியை மறுபடி நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கடும் வெயில் நாளில் மாலை 5 மணிக்கு அப்படிச் செய்தால், அந்த நேரத்துச் சூடே மறுநாள் கணக்கிலும் அதிகபட்சமாக ஏறிவிடும். மறுநாள் மழை பெய்து குளிர்ந்திருந்தாலும் பதிவில் அது வெயில் நாள்தான். பிறகு மெல்ல மெல்லக் காலை நேரத்துக்கு மாறினார்கள். இரட்டைக் கணக்கு நின்றது. நாடே குளிர்ந்ததுபோல ஒரு பொய்த்தோற்றம் பதிவில் விழுந்தது. அதை நீக்கினால் வெப்பப் போக்கு கூடத்தான் செய்யும். பெரியவரின் தாள் பொய்யில்லை. என் பதில்தான் பொய்.

கடலில் கதை தலைகீழ். அந்தக் காலத்துக் கப்பல்களில் துணிவாளியை இறக்கி நீரை மொண்டு, மேல்தளத்தில் வைத்து அளந்தார்கள். ஈரத்துணியில் காற்றுப் பட்டால் நீர் குளிரும், பானைத் தண்ணீர் போலத்தான். பின்னால் எஞ்சினுக்கு நீர் உறிஞ்சும் குழாயிலேயே அளக்கும் பழக்கம் பரவியது. அங்கே அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும். இரண்டாம் உலகப்போர்க் காலப் பதிவுகளில் இந்த வகை அமெரிக்கக் கப்பல்கள் நிறைய. போர் முடிந்து 1945இல் வாளி பயன்படுத்திய பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியதும் உலகக் கடல்வெப்பம் திடீரென விழுந்ததுபோல வரைபடத்தில் ஒரு பள்ளம். வாளிக் குளிர்ச்சியைச் சரிசெய்யப் பழைய அளவுகளை மேலே தூக்குகிறார்கள். அப்போது அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் கடல். அதனால் உலக மொத்தத்தில் பார்த்தால், திருத்தங்கள் நீண்டகால வெப்பப் போக்கைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கின்றன.

இதைப் படித்ததும் சிலர் "திருத்தினால் வெப்பம் குறைகிறது, தெரியுமா?" என்று பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. யாராவது அதே அமெரிக்கத் தாளை நீட்டுவார், மறுபடியும் முதலிலிருந்து. நிலத்தில் ஒன்று, கடலில் இன்னொன்று என்று இரண்டையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

சந்தேகப்படுகிறவர்கள் அதிகம் காட்டும், அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழகத்துச் செயற்கைக்கோள் வெப்பநிலைப் பதிவும் திருத்தப்பட்டதுதான். செயற்கைக்கோள் மெல்லத் தாழ்ந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1998இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அளக்கும் நேரம் நகர்ந்ததைச் சரிசெய்த விதத்தில் பிழை என்று 2005இல் காட்டினார்கள். இரண்டு முறையும் திருத்தியபின் வெப்பப் போக்கு ஏறியது. பதிவை நடத்தும் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் பிழையை ஏற்றுத் திருத்தினார்கள். இதை நக்கலாகச் சொல்லாதீர்கள். நக்கல் செய்தால் நாளைக்கு உங்கள் தரப்பில் ஒரு திருத்தம் வரும்போது வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பெரியவரை இரண்டு வருடம் கழித்து இன்னொரு அரங்கில் பார்த்தேன். அவர் தூக்கிப் பிடித்த அதே இரண்டு கோடுகளை நானே முதல் படமாகப் போட்டேன். கடைசிவரை அவர் என் பக்கம் வரவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் வந்து, "அந்த வாளி எல்லாக் காலத்திலும் துணிதானா தம்பி?" என்று கேட்டார். முன்னால் மரவாளி இருந்தது, அது அவ்வளவு குளிராது, எந்தக் கப்பலில் எது என்று பிரிப்பதே பெரிய வேலை ஐயா என்றேன். வாளியிலேயே அரைமணி நேரம் போனது.

"97 சதவீத விஞ்ஞானிகள்"

மனிதன்தான் காரணம் என்று 97 சதவீத விஞ்ஞானிகள் சொல்வதாகப் பலர் மேடையில் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு மூலமாகக் காட்டப்படும் 2013 ஆய்வு எண்ணியது விஞ்ஞானிகளை அல்ல, கட்டுரைச் சுருக்கங்களை. 11,944 சுருக்கங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, காரணம் மனிதனா இல்லையா என்று எதுவும் சொல்லவில்லை. சொன்னவற்றில்தான் 97 சதவீதம். இது தெரியாமல் எண்ணை வீசினால், தெரிந்தவர் ஒருவர் எழுந்து உங்களை உட்காரவைப்பார்.

"எல்லாம் எண்ணெய்க் கம்பெனிக் காசு"

சந்தேகப்படுகிறவர்கள் எல்லாம் காசு வாங்கியவர்கள் என்று சொல்லாதீர்கள். சந்தேகத்தோடு தொடங்கி வெப்பநிலைப் பதிவுகளை மறுபடி கணக்குப் போட்ட இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லரின் பெர்க்லி குழுவுக்கு, எண்ணெய்த் தொழிலில் உள்ள கோக் குடும்பத்து அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. பூமி சூடாகிறது என்று அவர்கள் கணக்கும் 2011இல் சொன்னது. காரணம் மனிதன்தான் என்று முல்லரே 2012இல் எழுதினார். யார் காசு என்பதை வைத்து முடிவை ஒதுக்கினால் இதையும் ஒதுக்க வேண்டிவரும்.

2009 மின்னஞ்சல்களில் ஒன்றுமே இல்லை என்பது

இருந்தது. பிரிட்டனின் ஒரு பல்கலைக்கழகத்துக் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் 2009இல் திருடப்பட்டு வெளியாயின. அவற்றில் பேர்போன "இறக்கத்தை மறைக்க" என்ற சொற்றொடரில் இறங்கியது வெப்பமானி அளவு அல்ல. பழங்கால வெப்பத்தைக் கணிக்க உதவும் மரவளையப் பதிவு, 1960க்குப் பிறகு வெப்பத்தோடு ஒட்டாமல் போனது. டேட்டாவை இட்டுக்கட்டியதாக எந்த விசாரணையும் சொல்லவில்லை. ஆனால் அந்த விசாரணைகளில் ஒன்றான, 2010இல் வந்த மியூர் ரஸல் அறிக்கை, வெளிப்படைத்தன்மை போதவில்லை என்றும் உலக வானிலை அமைப்பின் 1999 அறிக்கை அட்டைப்படத்தில் வந்த வரைபடம் தவறான எண்ணம் தரக்கூடியது என்றும் சொன்னது. இரண்டு பாதியையும் சொல்லுங்கள்.

கேட்டவரை "மறுப்பாளர்" என்று அழைப்பது

கூடாது.

எல்லாம் முடிவாகிவிட்டது என்பது

கார்பன் டை ஆக்சைடு இரட்டித்தால் எத்தனை டிகிரி ஏறும்? 1979இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் சார்னி குழு 1.5 முதல் 4.5 என்றது. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2013 அறிக்கையிலும் அதே 1.5 முதல் 4.5. 2021 அறிக்கையில் 2.5 முதல் 4 என்று சுருங்கியது. முக்கிய முட்டுக்கட்டை மேகங்கள்: எவை வெயிலைத் தடுக்கும், எவை சூட்டைப் பிடித்துவைக்கும், பூமி சூடாக ஆக அவை எப்படி மாறும் என்பதில் இன்னும் இழுபறி. கேட்டால் அப்படியே சொல்லிவிடுங்கள்.