குயில்ட் கிட் வாங்கியாச்சா? வெட்ட முதல் இதைப் பாருங்கள்

குயில்ட் என்பது துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த மேல்விரிப்பு, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றும் சேர்ந்த போர்வை. பார்சலில் வரும் குயில்ட் கிட்டின் அட்டைப் படத்தில் முழுப் போர்வையும் விரிந்து கிடக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மேல்விரிப்புக்கான துணியும் பட்டர்ன் எனும் செய்முறைக் கடதாசியும்தான். சிலவற்றில் ஓரத்தை மூடித் தைக்கும் கரைப்பட்டிக்கும் துணி இருக்கும். அடித்துணி, நடுப்பஞ்சு, நூல் எல்லாம் தனிச்செலவு. பஞ்சு சேர்த்த கிட் என்றால் பார்சல் பருத்து, தபால் கூலியும் கூடும். அதனால் மேல்விரிப்புக் கிட்டை மட்டும் எடுத்து, மற்றதைத் திருகோணமலை மத்திய வீதித் துணிக்கடைகளில் வாங்குவதுதான் நல்லது.

கிட்டின் பெரிய வில்லங்கம், துணியை எண்ணி எண்ணி வைத்திருப்பார்கள். ஒரு துண்டு பிழையாக வெட்டினால் அதே அச்சுத் துணி இங்கே கிடைக்காது.

முதலில் எண்ணுங்கள்

பொதியைப் பிரித்ததும் துணிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். "ஃபற் குவாட்டர்" (கால் யார்த் துண்டு) என்றால் 18 × 22 அங்குலம் இருக்க வேண்டும். யார்க் கணக்கு என்றால் 36 அங்குலம், மீற்றர் அல்ல. குறைவு இருந்தால் வெட்ட முதலே விற்றவருக்குப் படத்தோடு எழுதுங்கள். கத்தரி பட்டபின் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். பட்டர்னை வடிவமைத்தவரின் தளத்தில் திருத்தம் ஏதும் போட்டிருக்கிறார்களா என்றும் ஒருதரம் பாருங்கள்.

கழுவுவதா, விடுவதா?

கிட் துணியைக் கழுவ வேண்டாம். பருத்தி 3 முதல் 5 வீதம் சுருங்கும். எண்ணி வைத்த துணி அதற்குத் தாங்காது. முன்பே வெட்டிய சிறு துண்டுகள் கழுவினால் நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

ஆனால் சாயம் போகுமா என்று பார்க்கத்தான் வேண்டும். கடுஞ்சிவப்பு, கருநீலம் இரண்டிலும் ஓரத்தில் ஒரு சின்ன நறுக்கு எடுத்து, நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து சூடாக மினுக்குங்கள். கறை இறங்கினால் அந்த ஒரு துணியை ஒதுக்கிவிட்டு, சாயம் போகாத பொப்ளின் வாங்கிப் போடுங்கள். வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு ஊறினால் பிறகு எடுக்கவே முடியாது.

மேல்துணியைக் கழுவாமல் தைத்தால் அடித்துணியையும் கழுவாமலே வையுங்கள். இரண்டும் சேர்ந்து சுருங்கட்டும்.

காலங்குலத் தையல்

கிட் வாங்கிய புதியவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான். பட்டர்னில் தையல் விளிம்பு கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர் சொச்சம். வீட்டுத் தையல் மெசினில் ஃபுட்டின் (துணியை அழுத்தும் பாதத்தின்) ஓரத்தை வைத்துத் தைத்தால் பலவற்றில் 7, 8 மில்லிமீற்றர் வந்துவிடும். ஒரு மில்லிமீற்றர்தானே என்று விட்டால், ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு மில்லிமீற்றர் போகும். 12 கட்டம் உள்ள வரிசையில் 11 தையல். வரிசை 22 மில்லிமீற்றர் குட்டையாகிவிடும். கிட்டோடு வெட்டி வந்த கரைத்துண்டு அப்போது நீட்டிக்கொண்டு நிற்கும். துணி கூடிவிட்டது என்று நினைத்து அதை வெட்டிவிடாதீர்கள்.

சோதனை இப்படி. வீட்டுப் பழந்துணியில் ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று கீலம் வெட்டி, நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்து மினுக்குங்கள். மொத்த அகலம் சரியாக மூன்றரை அங்குலம் வர வேண்டும். குறைந்தால் தையலை ஒரு நூல் விளிம்புப் பக்கம் தள்ளுங்கள். மடிப்பும் கொஞ்சம் துணி தின்னும். ஆகவே காலங்குலத்துக்கு மயிரிழை குறைவாகத் தைப்பதே சரி.

அளவு பிடித்ததும், கோடு போட்ட அடிமட்டத்தின் காலங்குலக் கோட்டில் ஊசியை இறக்கி, அடிமட்டத்தின் ஓரத்தையொட்டித் தட்டில் டேப் ஒட்டுங்கள். துணியை நகர்த்தும் பற்களின் மேல் டேப் படக்கூடாது. அதற்கு முன்னால் மட்டும்.

பல்வெட்டு ஓரத்தோடு வரும் 5 அங்குலச் சதுரங்களில் இன்னொரு சிக்கல்: அளவு பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா? ஒன்றை அளந்து பாருங்கள். நுனிக்கு நுனி 5 அங்குலம் என்றால் நுனியை டேப்பில் முட்ட வைத்துத் தையுங்கள்.

முக்கோணங்கள்

இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சதுரமாகும் அரைச்சதுர முக்கோணம், போர்வையில் 4 அங்குலம் வர, பட்டர்ன் 4⅞ அங்குலச் சதுரம் கேட்கும். 5 அங்குலமாக வெட்டி, தைத்தபின் 4½-க்குச் சீவுவது நேர்த்தியாக வரும். 42 அங்குல அகலத்தில் இரண்டு விதமாகவும் 8 சதுரம்தான். ஆனால் 10 கீலம் வெட்டினால் நீளத்தில் 1¼ அங்குலம் கூடப் போகும். கிட்டில் அந்த மிச்சம் இருக்கிறதா என்று கூட்டிப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். மூலைக்கு மூலை வெட்டிய ஓரம் இழுபடும். மினுக்கும்போது பெட்டியைத் தேய்க்காமல் தூக்கி வையுங்கள்.

கடையில் வாங்குவது

48 × 60 அங்குலப் போர்வைக்கு அடித்துணி 56 × 68 வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் குறுக்கே ஒட்டுப் போட்டால் 3 மீற்றர். 60 அங்குல அகலம் கிடைத்தால் ஒட்டே வேண்டாம், 2 மீற்றர் போதும். கரைப்பட்டிக்கு இரண்டரை அங்குலக் கீலம் ஆறு. அரை மீற்றர் வாங்கினால் தாராளம்.

நடுப்பஞ்சைப் பொறுத்தவரை, தடித்த பொலியஸ்ரர் திருகோணமலை வெக்கைக்குச் சரிவராது. மெல்லிய ஃபிளனல், இல்லாவிட்டால் நைந்துபோன பழைய பருத்திச் சாரங்களை விளிம்பு மேலே விளிம்பு வைத்துத் தைத்துப் போடலாம். பாரமற்றிருக்கும், கழுவினால் கெதியில் காயும். கடையில் வாங்கும் பஞ்சு என்றால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்பது உறையிலே இருக்கும். அதைத் தாண்டி இடைவெளி விட்டால் கழுவும்போது பஞ்சு கட்டிபடும்.

மாரி காலத்தில் கிட்டைப் பொலித்தீன் பையிலே மூடி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். தலையணை உறைக்குள் போட்டு அலுமாரியில் வையுங்கள்.

பிறகு சேர்த்தது: பட்டர்னை மின்னஞ்சலில் அனுப்பும் கிட்டுகளில் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அமெரிக்கப் பட்டர்ன் லெட்டர் அளவுத் தாளுக்கு உரியது. கொமினிகேசன் கடையில் ஏ4 தாளுக்குப் பொருத்தி அச்சடித்தால் 2, 3 வீதம் சுருங்கி, 5 அங்குல மாதிரித் துண்டு 4⅞ அளவில் வந்து நிற்கும். "100 வீதத்தில் போடுங்கள்" என்று சொல்லி எடுங்கள். பக்க மூலையில் ஓரங்குலச் சோதனைச் சதுரம் இருந்தால் கடையிலேயே அடிமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.